சென் பற்றிக்ஸ் பெடியளும் ஒரு நூலகமும்

யாழ்ப்பாணத்தில் சென் பற்றிக்ஸ், அதாவது புனித பத்திரிசியார் கல்லூரி என்றால் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது யாழ்ப்பாணக் கல்லூரியோடு ஆடும் கிரிக்கெட் மட்ச்தான், 'பொன் அணிகளின் போர்' என்று ஊரே இரண்டு பட்டு நிற்கும். நான் அங்கே படித்தவன் இல்லை. அதனால்தானோ என்னவோ, எனக்கு அந்தப் பள்ளியின் வேறொரு பக்கம்தான் பெரிதாகத் தெரிகிறது.

1850இல் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளியாக அது தொடங்கியது. அமெரிக்க மிஷன்காரர் 1823இலேயே வட்டுக்கோட்டையில் செமினறி என்ற உயர்கல்விப் பள்ளியை நடத்தத் தொடங்கிவிட்டார்கள், ஆங்கிலம் வேண்டுமென்றால் புரட்டஸ்தாந்துப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை. கத்தோலிக்க ஆயர்களுக்கு அது பொறுக்குமா? பத்திரிசியார் பெயர் வந்தது 1881இல். அமலமரித் தியாகிகள் சபைக் குருமாரின் கையில் பள்ளி நன்றாக வளர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடந்த இந்தப் பள்ளியில் படித்த ஒருவர்தான் பிறகு உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளுக்கு வழி போட்டார். சேவியர் தனிநாயகம் அடிகளைச் சொல்கிறேன். அவர் தமிழை ஆழமாகக் கற்றது இங்கே இல்லை, பிற்பாடு வடக்கன்குளத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும்தான். அதற்காகப் பள்ளியைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் காலத்து ஆங்கிலப் பள்ளிகள் அப்படித்தான். ஆனால் பழைய மாணவர் பட்டியலில் அவர் பெயரைப் போட்டுப் பெருமைப்படும்போது இதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

அப்புறம் லோங் அடிகளார். ஐரிஷ்காரர், 1936இலிருந்து 1954வரை இந்தக் கல்லூரியின் றெக்டர், அதாவது அதிபர். பள்ளி மதிலோடு நிற்காமல், யாழ்ப்பாணத்துக்கு ஒரு பெரிய பொது நூலகம் வேண்டும் என்று ஊரவரோடு சேர்ந்து ஓடியாடியவர். அந்த நூலகத்தைத்தான் 1981இல் எரித்தார்கள், ஏறக்குறைய 97,000 நூல்கள். பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் அப்போது பத்திரிசியார் கல்லூரியில்தான் தங்கியிருந்தார், மேல்மாடியில் நின்று தீயைப் பார்த்தவர் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் விட்டார் என்பது ஊரறிந்த கதை.

1960, 61இல் அரசு தனியார் பள்ளிகளைத் தன் பொறுப்பில் எடுத்தபோதும் இது தனியார் பள்ளியாகவே நின்றது, இன்றும் ஆண்கள் பள்ளிதான். பழைய மாணவர்கள் எழுதும் நினைவுக் குறிப்புகளில் யார் எத்தனை ஓட்டம் எடுத்தான் என்பது துல்லியமாக இருக்கிறது. சரி, இருக்கட்டும். வகுப்பில் எந்த ஆசிரியர் எதை எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்று யாராவது எழுதினால் முதல் ஆளாக வாசிப்பேன்.