வலைக்கடைக்கு ஒரு தமிழ் முகவரி

நவம்பர் 3

காசிமேட்டு மீன்வலைக் கடை அக்காவுக்கு டாட் இந்தியா என்று முடியும் இணைய முகவரி வாங்கிக் கொடுத்தேன், முழுக்கத் தமிழில். அதே பெயரில் மின்னஞ்சலும். ஆங்கில முகவரியை போனில் எழுத்துக்கூட்டிச் சொல்லி அலுத்துப்போனவர். “இப்பதான் தம்பி, இது என் கடை மாதிரி இருக்கு” என்றார். தண்டையார்பேட்டையில் என் கடையிலிருந்து அனுப்பிப் பார்த்தேன். போகிறது, வருகிறது.

நவம்பர் 6

கடனுக்கு ஆன்லைன் விண்ணப்பம். தமிழ் மின்னஞ்சலைப் போட்டதும் சிவப்பில், “சரியான முகவரியைக் கொடுக்கவும்.” மூன்று தடவை. “நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா தம்பி?” என்று அக்கா கேட்டது ராத்திரி வரை மனதை அறுத்தது.

அவர் மேல் என்ன தப்பு? டாட் இந்தியா இணையத்தின் மூலப் பட்டியலில் ஏறியது 2011-ல். பிறமொழி எழுத்துகளில் மின்னஞ்சல் போவதற்கான தொழில்நுட்ப விதிகள் 2012-லேயே வந்துவிட்டன. முகவரியைச் சரிபார்க்கும் நிரல் வரியில் ‘ஏ முதல் இசட் வரை’ மட்டும் என்று யாரோ எழுதிவைத்திருப்பார்கள். அதை மாற்றி, மெயில் சர்வரையும் தயார் செய்ய வேண்டும். மலையைப் புரட்டுகிற வேலை இல்லை.

நவம்பர் 12

பெயரைப் பதிந்து கொடுத்தவர்கள், “பெயர் வேலை செய்கிறதே, எங்கள் பொறுப்பு அவ்வளவுதான்” என்கிறார்கள். விண்ணப்பத் தளத்தில் கேட்டால், மென்பொருள் செய்தது வேறு நிறுவனமாம். எழுதிப் போட்டேன். புகார் எண் வந்தது.

நவம்பர் 19

புகார் முடிக்கப்பட்டதாம். தீர்வு: “வேறு மின்னஞ்சலைப் பயன்படுத்தவும்.”

மேலே யாரிடம் போவது? உலக இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு, எல்லா மொழி முகவரியும் எல்லா இடத்திலும் செல்லுபடியாக வேண்டும் என்று 2015-லிருந்து ஒரு குழுவை ஆதரித்து வருகிறது. ஆனால் ஒரு தளத்தைத் திருத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. அங்கே ஒரு கொள்கையை முடிவு செய்வதானால் வரைவு, வழக்கமாகக் குறைந்தது 40 நாள் கருத்துக் கேட்பு, அப்புறம் அறிக்கை. 2012-ல், டாட் காம் போல முகவரியின் கடைசியில் வரும் புதிய மேல்மட்டப் பெயருக்கு விண்ணப்பிக்கவே 1,85,000 டாலர் கட்டணம். காசிமேட்டுக்காரர் அந்த மேசைக்கு எப்படிப் போய்ச் சேருவார்? அதிகாரம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒவ்வொரு துண்டும் அடுத்ததைக் கைகாட்டுகிறது. எனக்குக் கோபம் அதில்தான்.

நவம்பர் 24

கடைசி நாள் நெருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் ஆங்கிலத்தில் ஒரு முகவரி உருவாக்கி அனுப்பினேன். அக்காவால் அதைப் படிக்க முடியவில்லை. உச்சரிப்பைத் தமிழில் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கல்லாப் பெட்டி மூடியில் ஒட்டிக்கொண்டார்.

சாயங்காலம் மறுபடி புகார் போட்டேன். இந்தத் தடவை அந்த வரியை எப்படித் திருத்த வேண்டும் என்பதையும் எழுதி இணைத்திருக்கிறேன்.