பத்து என்றால் பத்து விநாடி

மார்ச் 3, திங்கள்

பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் கணினித் திரை தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டுமாம். மேலிடத்து உத்தரவு. நாற்பது கணினிகளையும் சுற்றிவர யாரால் முடியும்? டொமைனில் (அலுவலகக் கணினிகளையும் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் ஏற்பாடு) ஒரு குரூப் பாலிசி, அதாவது எல்லாக் கணினிக்கும் தானாகப் போய்ச் சேரும் அமைப்புத் தொகுப்பு, போட்டேன். ஸ்கிரீன் சேவர் ஓட வேண்டும், கடவுச்சொல் கேட்க வேண்டும், எவ்வளவு நேரத்தில் என்று மூன்று அமைப்புகள். நேரத்துக்கு 10 என்று அடித்தேன். அந்தக் கட்டத்தில் விநாடிக் கணக்காம்! சோதனைக் கணக்கில் நுழைந்து ஒரு கோப்பைத் தேடுவதற்குள் திரை பூட்டிக்கொண்டது. திறந்து சற்று யோசித்தால் மறுபடி. 600 ஆக்கினேன். நல்லவேளை, வேறு யாருக்கும் அது போகவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

முதலில் கணக்குப் பிரிவுக்கு மட்டும் விடலாம் என்று பாலிசி யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் செக்யூரிட்டி ஃபில்டரிங்கில் இருந்த ஆதென்டிகேட்டட் யூசர்ஸை (டொமைனில் நுழையும் எல்லா ஆட்களும் கணினிகளும் அடங்கிய குழு) நீக்கிவிட்டு அவர்கள் குழுவைச் சேர்த்தேன். ஒரு கணினியிலும் அசைவில்லை. பாலிசி தானாகப் புதுப்பிக்க 90 நிமிடம், அதற்கு மேல் 30 நிமிடம் வரை கூடுதலாகவும் ஆகும். சரி என்று காத்திருந்தேன். அப்புறம் உடனே புதுப்பிக்கச் சொல்லும் ஜிபிஅப்டேட் ஃபோர்ஸ் கட்டளையும் கொடுத்தேன். ம்ஹூம்.

மார்ச் 5, புதன்

எந்தப் பாலிசிகள் வந்து சேர்ந்தன என்று காட்டும் ஜிபிரிசல்ட் அறிக்கையில், பொருந்திய பாலிசிகளில் என்னுடையது இல்லை. வழக்கம்போல், பெயரை வைத்து முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டிஎன்எஸ் மேல் சந்தேகம். ஒரு கணினியில் இரண்டாவது டிஎன்எஸ்ஸாக வெளி முகவரி இருந்தது. டொமைனில் இருக்கும் கணினிக்கு அது ஆகாது, எடுத்தேன். ஆனால் திருடன் அங்கே இல்லை.

மதியத்துக்கு மேல்தான் உறைத்தது. பயனருக்கான பாலிசியை முன்பெல்லாம் பயனரின் பெயரில் படித்துக்கொண்டிருந்த விண்டோஸ், 2016 ஜூனில் வந்த பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு கணினியின் பெயரில் படிக்கிறது. நான் சேர்த்த குழுவில் ஆட்கள் மட்டுமே. கணினிக்குப் படிக்கவே அனுமதி இல்லை. பாலிசியின் அனுமதிகளைக் காட்டும் டெலிகேஷன் தாவலில், டொமைன் கம்ப்யூட்டர்ஸுக்கு (டொமைனில் உள்ள கணினிகளின் குழு) ரீட், அதாவது படிக்கும் அனுமதி, மட்டும் கொடுத்தேன். அடுத்த லாகினில் வேலை செய்தது. ஒன்றரை நாள் போனது இதற்கு.

மார்ச் 6, வியாழன்

கூட்ட அறையில் பெரிய திரையில் கணக்கை விரித்துவைத்துப் பேசிக்கொண்டே இருந்தார்களாம்; பூட்டிக்கொண்டதாகப் புகார். கணினிக்கு விலக்கு வேண்டும், பாலிசியோ ஆளைப் பின்தொடர்கிறது. எனவே அந்த அறைக் கணினிக்குத் தனி ஓயு (டொமைனுக்குள் ஒரு தனிப் பிரிவு), அதற்கு ஒரு பாலிசி, கூடவே லூப்பேக் மெர்ஜ்: ஆளின் பாலிசியோடு கணினிக்கான பாலிசியையும் சேர்த்து, மோதினால் கணினியுடையதை ஜெயிக்கவைக்கும் முறை. அந்தப் பாலிசியில் ஸ்கிரீன் சேவரை 'டிசேபிள்ட்' என்றே வைக்க வேண்டும். 'நாட் கன்ஃபிகர்டு' என்று விட்டால் அது வாயே திறக்காது, கணக்குப் பிரிவின் 600 தான் ஜெயிக்கும்.

நாளை காலை அவர்களுக்கு மறுபடி கூட்டம். நானும் போய்ப் பத்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும்.