அம்மிக்கல்லில் தொடங்கிப் பத்து மாதம்

போன ஜனவரியில் எனக்குப் பெயர் தெரிந்த கல் மூன்றுதான்: கருங்கல், செங்கல், பித்தப்பைக் கல். மூன்றாவதை ஆபரேஷனில் எடுத்துவிட்டு வீட்டில் ஓய்வாகக் கிடந்தபோது வாட்ஸப்பில் ஒரு அறிவிப்பு வந்தது. ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியர் ஒருவர் எங்கள் பகுதி நூலக மாடியில் ஞாயிறுதோறும் வகுப்பு எடுக்கிறார், எட்டு வாரம், கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு அவ்வப்போது களப்பயணம், வேன் வாடகையை மட்டும் பகிர்ந்துகொள்ள வேண்டும். தாம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். போனதற்கு வேறு பெரிய காரணம் கிடையாது.

முதல் வகுப்பில் கிட்டத்தட்ட எழுந்து வந்திருப்பேன். திரையில் ஓடிய சொற்கள் ஒன்றும் காதில் ஏறவில்லை. ஹைப்பர்ஸ்தீன், பிளாஜியோகிளேஸ் என்று ஏதோ மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல் இருந்தது. முடிக்கும்போது சார் சொன்னார்: "அடுத்த வாரம் ஆளுக்கொரு கல் கொண்டு வாங்க. கடையில வாங்கினது வேணாம், வீட்டுல கிடக்கிறது."

எங்கள் வீட்டில் மாமியார் சீதனமாகக் கொண்டுவந்த அம்மியின் குழவி, நுனி உடைந்து கொல்லையில் கிடந்தது. அந்த உடைந்த துண்டைக் கொண்டுபோனேன். மற்றவர்கள் கொண்டுவந்த பளபளப்புக் கற்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு சார் அதைத்தான் கையில் எடுத்தார். வெளிப்பக்கம் பழுப்பு. உடைந்த முகத்தில் கரும்பச்சை, எண்ணெய் தடவினாற்போல் மினுக்கம். லென்ஸில் பார்த்தால் நடுநடுவே நீலச் சாயலில் குவார்ட்ஸ் மணிகள். "இதுதாம்மா சார்னக்கைட்" என்றார்.

கதை தெரியாதவர்களுக்கு: ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறை கொல்கத்தா செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல்லை 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் ஆராய்ந்து, சார்னாக் பெயராலேயே சார்னக்கைட் என்றார். அதே பாறைதான் பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகள் முழுக்க. வயது சுமார் 250 கோடி ஆண்டு. நாற்பது வருஷமாக அதில்தான் எங்கள் வீட்டுத் தேங்காய்ச் சட்னி அரைபட்டிருக்கிறது. வீட்டில் சொன்னபோது மாமியார் கேட்டது ஒன்றே ஒன்று: "கல்லறைக் கல்லா?" அன்றைக்கு அம்மிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் மறு வேலை பார்த்தார்.

அதற்குப் பிறகு சொற்கள் கொஞ்சம் பிடிபட்டன. குவார்ட்ஸ் என்பது எங்கள் ஊரில் தீப்பொறி வர உரசி விளையாடிய வெங்கச்சங்கல். மைக்கா என்பது காக்காப்பொன். லேட்டரைட் என்றால் செம்பூராங்கல். ஏரிக்கரை மண்ணில் முண்டுமுண்டாகக் கிடக்கும் சுக்கான்கல்லும் சுண்ணாம்புதான். பாதிப் பாடம் எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது, வேறு பெயரில்.

மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் சமையலறைப் பரிசோதனைதான். கடினத்தன்மைக்குப் புத்தகங்கள் செப்புக் காசால் கீறிப் பார்க்கச் சொல்கின்றன. நம் ரூபாய் நாணயத்தால் கீறினால் கணக்குத் தப்பும், ஏனென்றால் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பழைய மோட்டார் காயிலில் இருந்து ஒரு துண்டு செப்புக் கம்பி வாங்கி வைத்துக்கொண்டேன். மோஸ் என்ற கடினத்தன்மை அளவில் நகம் இரண்டரை, செம்பு மூன்று, கத்தியும் கண்ணாடியும் ஐந்தரை, வெங்கச்சங்கல் ஏழு. இந்த நான்கு போதும், முக்கால்வாசிக் கற்களை வடிகட்டிவிடலாம். பொடியின் நிறம் பார்க்க, தரை டைல்ஸின் பின்பக்கம் (வழவழப்பு இல்லாத பக்கம்) உரசினால் போதும்.

சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க அமிலம் வேண்டும். கழிவறை ஆசிட்டை எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கு அந்தப் புகை ஒத்துக்கொள்ளவில்லை. எலுமிச்சைச் சாறு வேலை செய்கிறது, ஆனால் கல்லின் மேல் விட்டால் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் இடித்துப் பொடியாக்கி விட்டால் நுரை கிளம்பும். அந்த உற்சாகத்தில் வீட்டிலிருந்த இரண்டு கோலமாவுப் பொட்டலங்களிலும் விட்டுப் பார்த்தேன். ஒன்று பொங்கியது, மற்றது அப்படியே இருந்தது. இரண்டும் ஒரே கடை, ஒரே விலை. இப்போது கடைக்காரர் என்னைப் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

லென்ஸ் 10 மடங்கு, 350 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் மாதம் முழுக்க அதைத் தப்பாகப் பிடித்திருந்தேன், துப்பறியும் படத்தில் வருகிறவர் மாதிரிக் கையை நீட்டி. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு கல்லைத்தான் அருகே கொண்டுவர வேண்டும்.

முதல் களப்பயணம் பல்லாவரம். வேனில் இருபது நிமிடம். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். குன்றின் மேல் வீடுகள், பழைய குவாரிக் குழிகளில் பச்சைத் தண்ணீர், குப்பை. ஆனால் 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தப் பல்லாவரத்தில்தான் கற்காலக் கைக்கோடரியை எடுத்தார். ஹாலண்டைப்போல் அவரும் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காரர்தான், பாறை பார்க்க வந்தவர். கோடரி குவார்ட்சைட்டில் (குவார்ட்ஸ் மணல் இறுகிய கல்) செய்தது, சுற்றிலும் இருக்கிற சார்னக்கைட்டில் செய்தது அல்ல. "காலடியில கருங்கல் இவ்வளவு கிடக்க, ஏன் அந்தக் கல்லைத் தேடினான்?" என்று சார் கேட்டார். வேன் டிரைவர்தான் பதில் சொன்னார்: "கருங்கல்லு சீவுனா விளிம்பு கூரா வராது சார், எங்கப்பா கல்லு உடைக்கிறவரு." சார் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

திருவக்கரை ஜூனில். வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு மூன்று முறை போயிருக்கிறேன், பக்கத்திலேயே கல்மரப் பூங்கா இருப்பது தெரிந்தும் உள்ளே போனதில்லை. சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள், நார் நாராக, வளையம் வளையமாக, தட்டினால் கணீர் என்கிறது. (தட்டக்கூடாது. காவலாளி வந்துவிட்டார்.) வேரும் இல்லை, கிளையும் இல்லை, பட்டையும் இல்லை, வெறும் அடிமரங்கள். அதாவது அங்கே முளைத்தவை அல்ல, வெள்ளத்தில் உருண்டு வந்து மணலில் புதைந்தவை. சிலிக்கா கரைந்த நீர் ஊறி ஊறி மரம் கல்லானது.

இனி காரைப் பயணம். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஆகஸ்டில் அதிகாலை கிளம்பினோம். திருச்சிக்காரர் ஒருவர் வேனில் ஏறியதிலிருந்து, மலைக்கோட்டை இமயமலையை விட மூத்தது என்று பெருமை பேசிக்கொண்டே வந்தார். சார் சிரித்தார். இமயம் எழத் தொடங்கியதே ஏறக்குறைய 5 கோடி ஆண்டுக்கு முன்னால். அதை விட மூத்தது என்பதற்கு மலைக்கோட்டை வேண்டாம், எங்கள் வீட்டு அம்மியே போதும்.

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற கிராமம். ஊரைத் தாண்டியதும் பயிர் நின்றுபோய், செம்மண் நிறத்தில் களிமண் மேடுகள், மழை அறுத்த ஓடைகள், ஒரு மரமில்லை. ஆங்காங்கே கண்ணாடி உடைத்துப் போட்டதுபோல் மினுங்குகிறது. குனிந்து நகத்தால் கீறினேன், கோடு விழுந்தது. ஜிப்சம்! புத்தகம் பார்க்காமல், யாரும் சொல்லாமல் நானாகப் பெயர் சொன்ன முதல் கல் அதுதான்.

அந்த இடம் சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன் கடலடி. இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்தபோது கிழக்குக் கரையில் நிலம் இறங்கி, கடல் உள்ளே வந்தது. அதில் படிந்தவற்றை 1860-களில் ஹென்றி பிளான்ஃபோர்டு ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். காரைக் களிமண் அதில் அடியிலுள்ள ஊட்டத்தூரைச் சேர்ந்தது. நம்மூர்க் கிராமப் பெயர்கள் உலகத்துத் தொல்லுயிர் நூல்களில் ஏறியது அப்படித்தான்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வந்து பார்த்தார். "என்னக்கா, எதைத் தொலைச்சீங்க?" நத்தைபோல் சுருண்ட அம்மோனைட் என்ற பழைய கடலுயிரின் படத்தைக் காட்டினேன். "அதா? மழை பேஞ்ச மறுநாளு வந்தா தெரியும். இப்ப என்னத்தத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தன் குச்சியால் ஒரு சரிவைக் காட்டினார். அங்கே பென்சில் துண்டுகள்போல் பத்துப் பன்னிரண்டு கிடந்தன, பெலெம்னைட். கணவாய்க்குத் தூரத்து உறவு. அதன் உடம்புக்குள் இருந்த கெட்டிப் பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கிறார்களே, கணவாய் ஓடு, அது உறவுமுறையில் தம்பி. 2020-இல் குன்னம் பக்கம் டைனோசர் முட்டை என்று செய்தி பரவிக் கூட்டம் கூடியதையும் அந்த அம்மா சொன்னார். பார்த்தவர்கள் கடைசியில் அவை முட்டையல்ல, அம்மோனைட்டைச் சுற்றிக் கனிமம் உருண்டு திரண்ட கற்கள் என்றார்கள். "முட்டையாத்தான் இருந்தா என்ன, பொரிக்கவா போவுது" என்றார்.

படுகைகளின் (ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்குகளின்) சாய்வை அளக்கக் கோணமானியில் நூலும் நட்டும் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். முதல் அளவு 11 டிகிரி, அடுத்தது 3, அதற்கடுத்தது 6. காற்றில் நூல் ஆடுகிறது. சேலை முந்தானையை மறைப்பாகப் பிடித்து அளந்தபோது 4, 4, 5 வந்தது. கிழக்கு நோக்கி மெல்லிய சாய்வு, அதுவே சரி என்றார் சார்.

நோட்டில் வரைந்துகொண்டிருக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஜிப்சம் கீற்றுகளில் சில படுகைக்கு இணையாக ஓடவில்லை. மூன்று நான்கு படுகைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. அப்படியானால் களிமண் படிந்து முடிந்து, விரிசல் விட்டபிறகுதான் இது வந்திருக்க வேண்டும். துணி இல்லாமல் தையல் எப்படி விழும்? சாரிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் என் நோட்டின் ஓரத்தில் ஒரு டிக் போட்டார். ஐம்பத்திரண்டு வயதில் டிக் வாங்குவது இப்படி இருக்கும் என்று தெரியாது.

அதே நாளில்தான் தப்பும் செய்தேன். எதையும் எடுக்கக்கூடாது, அருகில் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து இடத்தைக் குறிக்க வேண்டும், அதுதான் எங்கள் குழுவின் விதி. நல்ல நீளமான ஒரு பெலெம்னைட், நான்கு சரிவு தாண்டியபிறகு என் கைப்பைக்குள் இருந்தது. எப்போது போட்டேன் என்றே சொல்லத் தெரியவில்லை. டீக்கடையில் சில்லறை தேடும்போது அது மேஜையில் உருண்டது.

சார் திட்டவில்லை. "எங்க எடுத்தீங்க?" என்றார். தெரியவில்லை. "எந்தப் படுகை? மேலயா, கீழயா? உருண்டு வந்ததா, பதிஞ்சிருந்ததா?" தெரியவில்லை. "முகவரி இல்லாத கல்லு ஜல்லிதாம்மா." திரும்பிப் போய் வைத்துவிடட்டுமா என்று கேட்டேன். "தோராயமா ஒரு இடத்துல வச்சா, அடுத்து வர்றவனுக்குப் பொய் சொன்ன மாதிரி" என்றார். டீ ஆறிப்போனது.

வீட்டுக்கு வந்ததும் பால்கனி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தேன். ஆறு மாதமாகப் பொறுக்கியவை முப்பத்தேழு. எங்கிருந்து என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது பதினொன்று. அவற்றில் திருத்தும் வெள்ளை மை ஒரு பொட்டு, அதன்மேல் எண், நோட்டில் இடமும் தேதியும். மீதியெல்லாம் துளசித் தொட்டிக்கும் கற்றாழைக்கும் போயிற்று. மாமியாருக்கு ரொம்பத் திருப்தி.

பெலெம்னைட்டை மட்டும் எங்கும் போட மனம் வரவில்லை. 12 என்று எண் போட்டு, எதிரே "காரை, இடம் தெரியாது" என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பயணம் ஜனவரியில், மழை ஓய்ந்ததும். கருடமங்கலத்தின் சிப்பிச் சுண்ணாம்புக்கல்லும், சாத்தனூரின் 18 மீட்டர்க் கல்மரமும். வழியில் காரையில் ஒரு மணி நேரம் இறங்கலாம் என்று சார் சொல்லியிருக்கிறார். ஆடு மேய்க்கிற அம்மா காட்டிய சரிவு நினைவிருக்கிறது. அங்கிருந்து தொடங்கிப் பார்க்கிறேன்.