மணப்பாடு குகையில் ஒரு மூச்சுக்கு ஒரு சொல்

அப்பா படுக்கையில் விழுந்து இது மூன்றாவது வருடம். பக்கவாதம். ராத்திரியில் நாலைந்து தடவை கூப்பிடுவார். தண்ணீர் வேண்டும், திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். சில சமயம் ஒன்றுமே வேண்டாம், நான் இருக்கிறேனா என்று பார்க்க மட்டும். போன தவக்காலத்தில் ஒரு நாள், நான்காவது தடவை கூப்பிட்டபோது, “என்னைக் கொன்னுட்டுத்தான் விடுவீங்களாப்பா” என்று கத்திவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. விடியும்வரை கூப்பிடவும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

அதற்கப்புறமும் செபமாலை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். வாய் சொல்லும், விரல் மணியைத் தள்ளும், மனசு மருந்துக் கணக்கில் இருக்கும். 53 அருள் நிறைந்த மரியேயும் முடிந்திருக்கும், ஒன்றுகூட என்னுடையதாக இருக்காது. தங்கை வந்திருந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ரெண்டு நாள் நான் பாத்துக்கிறேன், எங்கயாவது போயிட்டு வாக்கா” என்றாள். வேளாங்கண்ணி என்று முதலில் நினைத்தேன். அங்கே மாதாவிடம் போனால் கேட்டுக்கொண்டே இருப்பேன், எனக்குத் தெரியும். கேட்க எதுவும் இல்லாத இடமாக இருந்தால் தேவலை என்று தோன்றியது. மணப்பாடு நினைவுக்கு வந்தது அப்படித்தான்.

திருச்செந்தூரில் பஸ் மாறி, குலசேகரப்பட்டினம் தாண்டிப் போகவேண்டும். குலசையில் தசரா நேரமென்றால் வேஷம் கட்டிய பக்தர்களால் ஊரே நிறைந்துவிடும். நான் போன அன்று பஸ்ஸில் பத்து பேர்கூட இல்லை. மணப்பாட்டிலும் செப்டம்பர் முதல் பாதியில், சிலுவைத் திருவிழாவுக்கு, கால் வைக்க இடம் கிடைக்காது. செப்டம்பர் 14 பெரிய நாள். மற்ற நாட்களில் காற்றும் கடலும்தான் சத்தம். அந்தச் சத்தம் கொஞ்சநஞ்சமல்ல என்பது போனால்தான் தெரியும்.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயம். 1540இல் புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றின் தலைவன், கரை சேர்ந்தால் சிலுவை நடுவதாக நேர்ந்துகொண்டு, உடைந்த பாய்மரத்திலேயே அதைச் செய்து நட்டான் என்று சொல்வார்கள். ஆலயம் கட்டியது 1581இல். உள்ளே போய் முழங்காலிட்டேன். பழக்கதோஷம், உடனே வாய் செபத்தை ஆரம்பித்துவிட்டது. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மேட்டின் கடல் பக்கம் இறங்கினால், இந்தக் கரையில் வேதம் போதிக்க வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. அவருக்கு முன்னால் சைவத் துறவி ஒருவர் அங்கே தங்கியிருந்ததாகச் சொல்கிறார்கள். யார் வந்தாலும் அந்தப் பாறை இடம் கொடுத்திருக்கிறது. உள்ளே சின்னப் பீடம், அணைந்துபோன மெழுகுவர்த்திகளின் எச்சம். ஒரு அம்மா விளக்குமாற்றால் மணலைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். காற்று அதை உடனே திருப்பிக் கொண்டுவந்தது. அவரும் சலிக்காமல் மறுபடி தள்ளினார். ஓரமாக உட்கார்ந்தேன்.

இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த செப முறை ஒன்று உண்டு. சவேரியாரின் பாரிஸ் நண்பர், இயேசு சபையை உருவாக்கிய அதே இஞ்ஞாசியார்தான். ஒரு மூச்சுக்கு ஒரு சொல், அவ்வளவுதான். கர்த்தர் கற்பித்த செபத்தை எடுத்துக்கொண்டு, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே அந்தச் சொல்லின் பொருளிலோ, யாரைப் பார்த்துச் சொல்கிறோமோ அவரிலோ, நம் சிறுமையிலோ மனசை வைத்திருக்கவேண்டும். தியானம் கொடுக்க வந்த சாமியார் ஒருவர் சொல்லித் தந்தது. அவசரக்காரியான எனக்கு ஒத்து வராது என்று அன்றே தள்ளிவிட்டேன். இப்போது வேறு வழியில்லை.

விண்ணுலகில். மூச்சு. இருக்கிற. மூச்சு. எங்கள். மூச்சு. தந்தையே.

அங்கே நின்றுபோனது. அடுத்த சொல் வரவில்லை. தந்தையே என்றதும் கட்டிலும், அந்த ராத்திரியும், கூப்பிடாமல் விழித்தே கிடந்த அவர் கண்ணும். திரும்ப ஆரம்பித்தேன். திரும்பவும் அதே இடம். மூன்றாவது தடவை, நின்ற இடத்திலேயே இருந்துவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

எவ்வளவு நேரமென்று தெரியாது. பையன்கள் கத்துகிற சத்தத்தில் விழித்தேன். நாலு பேர், குகைக்குள் கத்தினால் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க வந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவன், “டேய், செபம் பண்றாங்கடா” என்று ரகசியம் போலச் சத்தமாகச் சொன்னான். தலையைச் சாய்த்து வாயைத் திறந்தபடி கிடந்தவளைப் பார்த்து அப்படிச் சொன்னது அவனுடைய பெருந்தன்மை. கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ சொன்னேன். “அலுப்புல உறங்குறீங்கன்னுதான் நானும் எழுப்பல. இந்தப் பயலுவ விடமாட்டானுவ” என்றார்.

பயல்கள் விடமாட்டார்கள். சவேரியாரையும் விட்டதில்லை. 1542 அக்டோபரில் அவர் இந்தக் கரைக்கு வந்தார். அதற்கு ஐந்தாறு வருடம் முன்பே பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள், ஆனால் அவர்கள் மொழியில் செபம் சொல்லித்தர யாரும் இல்லை. அந்த மாதம் 28ஆம் தேதி தூத்துக்குடியிலிருந்து இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில், பிள்ளைகள் தன்னை, குருக்கள் தினமும் சொல்லவேண்டிய கட்டளைச் செபத்தைச் சொல்லவோ சாப்பிடவோ தூங்கவோ விடுவதில்லை, ஏதாவது செபம் கற்றுக்கொடு என்று நிற்கிறார்கள் என்கிறார். தமிழும் அவருக்குச் சரியாக வராது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் மொழிபெயர்க்கச் சொல்லி, மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக மணி அடித்துச் சொன்னவர். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதும்போது, ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது, திரும்பத் திரும்பச் சொல்லிக் குரலும் போய்விடுகிறது என்கிறார்.

இதெல்லாம் முன்பே வாசித்ததுதான். புனிதரின் சாதனைக் கணக்காக வாசித்திருந்தேன். குகைக்குள் உட்கார்ந்து நினைத்தபோது வேறு மாதிரி இருந்தது. குரல் போன ஒரு ஆள், தன் மொழி அல்லாத மொழியில் பகலெல்லாம் கூவிவிட்டு, இதற்குள் நுழைந்திருப்பார். அப்போது அவருக்குச் சொல்ல என்ன சொல் மிச்சம் இருந்திருக்கும்?

குகை என்றால் பைபிளில் வரும் இறைவாக்கினர் எலியாவும் நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார். அந்தக் கதையில் காற்று, நிலநடுக்கம், தீ, அப்புறம் மெல்லிய ஒலி என்ற பகுதியைத்தான் எல்லா தியானங்களிலும் பேசுவார்கள். அதற்கு முந்தின பகுதியை யாரும் அதிகம் தொடுவதில்லை. போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுச் செடிக்கு அடியில் படுத்துத் தூங்கிவிடுகிறார் எலியா. ஆண்டவர் கண்டிக்கவில்லை. தூதர் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார். தூதர் இரண்டாம் தடவையும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறார். குகையும் மெல்லிய ஒலியும் அதற்கப்புறம் நாற்பது நாள் கழித்துத்தான். அந்த ஒலி கேட்டபிறகும் ஆண்டவர் அவரை அங்கேயே இருக்க விடவில்லை. வந்த வழியே திரும்பிப் போ என்கிறார்.

பையன்கள் போனபின் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தேன். தந்தையே என்பதைத் தாண்டிப் போக முயற்சி செய்யவில்லை. அலைச் சத்தம், விளக்குமாற்றுச் சத்தம், என் மூச்சு. நிம்மதி என்று அதைச் சொல்லலாமா தெரியவில்லை. இறுக்கிப் பிடித்திருந்த கை ஒன்று, எப்போதென்று தெரியாமல், விரிந்திருந்தது. மேலே ஆலயத்தில் மணி அடித்தது. அந்த அம்மா ஒரு கை மணலை அள்ளிக் காட்டி, “நாளைக்கும் இது இங்கதான் கிடக்கும்” என்று சிரித்துவிட்டு விளக்குமாற்றைச் சாத்தி வைத்தார்.

மறுநாள் காலைப் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒரே வாக்கியம். பூசை முடிந்து முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா விழித்திருந்தார். “எங்க போயிட்டே” என்றார், பாதி வாயால். மணப்பாட்டுக்கு என்றேன். அன்றைக்குக் கத்தினதுக்கு மன்னிச்சிடுங்கப்பா என்றேன். அவர் முகத்தில் எதுவும் புரிந்த மாதிரி தெரியவில்லை. தண்ணீர் கேட்டார். தங்கை ராத்திரியே கிளம்பினாள்.

ஒரு மணி சுமாருக்குக் கூப்பிட்டார். எரிச்சல் வந்தது, வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு மூச்சு விட்டேன். “வர்றேம்ப்பா” என்று எழுந்து போனேன். ஒன்றும் வேண்டாமாம், சும்மாதானாம்.