இடது தொடை

ஜூன் 3
முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. "துண்டை அமுக்குங்கள்" என்கிறார் பிசியோதெரபிஸ்ட். அமுக்குகிறேன். புட்டம் இறுகுகிறது, பல் இறுகுகிறது. தொடை மட்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் கிடக்கிறது.

ஜூன் 4
மூட்டில் நீர் கோத்திருக்கும்வரை நரம்புகளே தொடைத் தசையை அடக்கி வைக்குமாம். ஆக, என் சோம்பல் இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "அப்படியானால் பேசாமல் ஐஸ் வை" என்றாள்.

ஜூன் 9
துடித்தது! முழங்கால் சில்லுக்கு மேலே, உள்பக்கம், விரல் வைத்திருந்த இடத்தில் புழு நெளிவதுபோல. சில்லும் ஒரு நூல் மேலே ஏறியது.

ஜூன் 10
இன்று இல்லை.

ஜூலை 2
எடை கட்டாமல் முப்பது முறை கால் நீட்டினேன். தொடை தீயாக எரிந்தது. பெருமையாக இருந்தது. சில்லிலிருந்து 15 செ.மீ. மேலே நாடா வைத்தால் இடது 44, வலது 47.5. இரண்டு வாரமாக அதே 44. பிசியோ எரிந்ததா என்று கேட்பதே இல்லை. எத்தனை கிலோ, எத்தனை முறை, அவ்வளவுதான். கல்நெஞ்சர்.

ஜூலை 5
தூக்கம் வராமல் படித்தது: 2018இல் ஓர் ஆய்வு. உடற்பயிற்சிப் பழக்கமில்லாத கல்லூரி மாணவர்கள், 8 வாரம். தசையிலேயே மனத்தை வைத்து இறுக்கியவர்களுக்கு மேல்கையின் முன்பக்கத் தசை 12.4 சதவீதம் தடித்தது. எடையைத் தூக்குவதில் மட்டும் கவனம் வைத்தவர்களுக்கு 6.9. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வரி: முன்தொடையில் அப்படி வித்தியாசம் தென்படவில்லை. எனக்கு வேண்டியது தொடை அல்லவா!

ஜூலை 14
படி இறங்கிப் பழகி இரண்டு நாள் ஆகிறது. கழிப்பறையில் உட்கார முடியவில்லை. இதுதான் வேலை செய்ததன் அடையாளம் என்று மனம் துள்ளுகிறது. புதிய வேலைக்குத் தசை இப்படித்தான் வலிக்கும், பழகினால் வலிக்காது என்றார் பிசியோ. பழகிய பிறகு நான் எதை நம்புவது?

ஜூலை 21
காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் இயந்திரத்தில் 30 கிலோ, எட்டு முறை. போன வாரம் 25. தொடையில் ஒன்றுமே தெரியவில்லை. மின் கட்டணம் கட்டினோமா என்று யோசித்துக்கொண்டே முடித்துவிட்டேன். ஏமாற்றிவிட்டதுபோல் இருந்தது. வீட்டில் அளந்தால் 45. நாடாவைத் தளர்த்திப் பிடித்தேனோ? மூன்று முறை அளந்தேன். 45, 45, 44.8.

ஜூலை 22
கைப்பிடியைத் தொடாமல் நான்கு படி.

ஜூலை 24
ஒரு சந்தேகத்தில் வலது தொடையையும் அளந்தேன். 46.5. அது ஏன் இளைக்கிறது?