படத்தின் பின்பக்கம்

சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகிற சாலை பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. மார்கழியில் விடிவதற்கு முன்னால் அங்கே போய் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீர் முடிகிற இடத்தில் வானம், நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். மலை இல்லை, அருவி இல்லை, பெரிய மரம்கூட இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக நான் வரைவது பெரும்பாலும் இதைத்தான். இயற்கைக் காட்சி வரைகிறேன் என்று சொன்னால் ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் போவீர்களா என்று கேட்கிறார்கள். போனதில்லை. இந்த ஏரியின் சகதியையே இன்னும் சரியாக வரைந்து முடித்த பாடில்லை.

சகதி என்றால் ஒரே நிறம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். தண்ணீர் அப்போதுதான் வடிந்த சகதி வானத்தை அப்படியே வாங்கிப் பளபளக்கும், அதற்குத் தனியாக நிறமே கிடையாது. அரை நாள் காய்ந்தது ஈயம் மாதிரி இருக்கும். சித்திரை வெயிலில் ஏரியின் வடபக்கம் வற்றி, சகதி வெடித்து மேலே உப்புப் பூத்துக் கிடக்கும்போது கண் கூசுகிற வெள்ளை, அந்த வெள்ளைக்குள் ஒரு மெல்லிய ஊதா. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கூட்டியும் குறைத்தும் கலந்தால் இதில் பாதி கிடைத்துவிடும். மீதிப் பாதிக்கு உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை.

எனக்குச் சொந்த ஊர் ஆரம்பாக்கம். தமிழ்நாடு எங்கள் ஊரோடு முடிகிறது, அதைத் தாண்டினால் தடா, ஆந்திரம். நான் முதலில் பார்த்த தொழில் போர்டு எழுதுவது. மளிகைக் கடை, சைக்கிள் கடை, அரிசி மில் என்று எல்லாவற்றுக்கும் மேலே தமிழும் கீழே தெலுங்குமாக எழுதுவேன், எல்லையைத் தாண்டினால் தெலுங்கு மேலே போய்விடும். ஃபிளெக்ஸ் வந்த பிறகு அந்தத் தொழில் இரண்டு மூன்று வருடத்தில் படுத்துவிட்டது. அதற்கு முன்பே, கையில் கொஞ்சம் காசு சேர்ந்தபோது, எழும்பூரில் இருக்கும் ஓவியக் கல்லூரிக்குப் படிக்கப் போயிருந்தேன். 1850இல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே நூலகத்தில் பழைய டச்சு ஓவியர்களின் படங்கள் அச்சிட்ட ஒரு பெரிய புத்தகம் இருந்தது. யாக்கோப் வான் ரௌஸ்டால் 1670களில் ஹார்லெம் நகரைத் தூரத்திலிருந்து வரைந்த படங்களை அதில்தான் முதலில் பார்த்தேன். தட்டையான நிலம், தாழ்ந்த ஒரு தொடுவானக் கோடு, மேலே மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் வானம், மேகம். இது எங்கள் ஊர் ஆயிற்றே என்று தோன்றியது. வரைவதற்கு ஒன்றுமில்லாத ஊரில் பிறந்துவிட்டோம் என்று அதுவரை ஒரு குறை இருந்தது எனக்கு, அன்றோடு அது போயிற்று.

அதே டச்சுக்காரர்கள்தான் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டித் துணி வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். கோட்டை இன்று புதர் மண்டிக் கிடக்கிறது, கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது, வாசல் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளை அத்தனை பேரும் போட்டோ எடுப்பார்கள். லேண்ட்ஸ்கேப் என்ற ஆங்கிலச் சொல்லே டச்சு மொழியிலிருந்து போனதுதான். தங்கள் நாட்டுச் சதுப்பையும் கால்வாயையும் அவ்வளவு ஆசையாக வரைந்த ஒரு நூற்றாண்டில், இங்கே வந்து இறங்கியவர்களில் யாராவது ஒருத்தன் சாயங்காலம் கோட்டை மேல் ஏறி நின்று இந்த ஏரியைப் பார்த்து ஊரை நினைத்திருப்பான் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

சரி, சொல்ல வந்தது வேறு.

தொழிலாக வரைய ஆரம்பித்த முதல் பத்து வருடத்தில் என் படங்கள் ஓரளவு விற்றன. சென்னையில் ஒரு ஹோட்டல், இரண்டு அலுவலகங்கள், அப்புறம் தெரிந்தவர்கள் மூலமாகச் சில வீடுகள். எல்லாருக்கும் பூநாரை, அதாவது ஃபிளமிங்கோ, வேண்டும். ஏரி, காலைச் சூரியன், நாலைந்து பூநாரை, ஓரத்தில் ஒரு தோணி. நானும் அப்படியே போட்டுக் கொடுத்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் மின்கம்பம் தெரியும், அதை விட்டுவிடுவேன். கரை முழுக்கச் சீமைக்கருவேலம் நிற்கும், அந்த இடத்தில் நாலு பனைமரம் வைப்பேன். கரையோரம் பிளாஸ்டிக் கவர்களும் கிழிந்த நைலான் வலையும் ஒதுங்கிக் கிடக்கும், அங்கே கொஞ்சம் மணல் நிறம். ஓவியத்தில் தேவையில்லாததை விடுவதுதான் கலை என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தப்பான பாடம் இல்லை அது. ஆனால் எது தேவையில்லாதது என்பதை என் படத்தில் வாங்குகிறவர் முடிவு செய்துகொண்டிருந்தார், அது எனக்கு உறைக்கவே இல்லை.

என்னைத் தோணியில் கூட்டிப்போகிற ஒரு அண்ணன் உண்டு, பழவேற்காட்டுக்காரர், மடவை மீன் எங்கே படியும் என்று காற்றை வைத்தே சொல்லுவார். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர் சுவரில் இருந்த ஒரு பெரிய படத்தின் முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். முகத்துவாரத்தைப் பார்த்து வரைந்த படம். அலை உள்ளே வருகிறது, நீலமும் பச்சையுமாகத் தண்ணீர்.

"தம்பி, இது எந்த வருசம் போட்டது?"

சொன்னேன்.

"அந்த வருசம் முகத்துவாரம் அடைச்சில்ல கெடந்துச்சு? மணல்மேல நடந்தே அக்கரைக்குப் போனோமே. நீயும் கூடத்தான் வந்த. தண்ணி எங்கேருந்து வந்துச்சு இதுல?"

அவர் குற்றம் சொல்லும் தொனியில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இறால் கடலில் முட்டையிடும், அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்துதான் வளர வேண்டும். வாய் மூடினால் குஞ்சு வராது. வெயிலில் தண்ணீர் சுண்டி உப்பு ஏறிக்கொண்டே போகும், உள்ளே இருக்கிற மீனும் தாங்காது. ஊரே காசு போட்டு ஆள் விட்டு மணலை வெட்டுவதை நேரில் பார்த்திருக்கிறேன். சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்துக்கொண்டிருக்கும் ஓலைப் பறியில் போடுகிற இருளர் பெண்கள் அந்தக் கோடையில் பாதி பறி நிறையாமல் கரையேறினார்கள். இவ்வளவும் பார்த்துவிட்டு வந்துதான் வீட்டில் உட்கார்ந்து நீலத் தண்ணீர் போட்டிருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி பழைய படங்களை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினேன். எந்தப் படத்தை வைத்தும் எந்த வருடம் என்று சொல்ல முடியவில்லை. பத்து வருடப் படங்களில் ஏரி மாறவே இல்லை.

ஜான் கான்ஸ்டபிள் என்று ஒரு ஆங்கிலேய ஓவியர், 1821லும் 1822லும் லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ப்ஸ்டெட்டில் வெறும் வானத்தை மட்டும் நிறையப் படங்கள் வரைந்தார். அவற்றில் பலவற்றின் பின்பக்கம் தேதி, நேரம், காற்று எந்தத் திசையில் அடித்தது, பிறகு மழை வந்ததா என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். இதைப் படித்திருந்தேன், செய்யத் தோன்றியதில்லை. அதற்குப் பிறகு செய்ய ஆரம்பித்தேன். ஏரியில் மூன்று இடங்களைத் தேர்ந்துகொண்டேன், ஸ்ரீஹரிகோட்டா சாலையில் ஒன்று, அண்ணாமலைச்சேரிப் பக்கம் ஒன்று, முகத்துவாரத்தில் ஒன்று. முடிந்தவரை மாதம் ஒரு தடவை அதே இடம், அதே அளவு காகிதம். கண்ணுக்குத் தெரிவது எதையும் விடுவதில்லை. கம்பம், கவர், சீமைக்கருவேலம், ஏரிக்குப் பின்னால் புகை தெரிந்தால் புகை. பின்பக்கம் தேதி, நேரம், காற்று, தண்ணீர் முட்டியளவா கணுக்காலளவா, எத்தனை வலை கட்டியிருந்தது, யாரிடம் பேசினேன், அன்றைக்கு என்ன மீன் கிடைத்தது.

இப்படி வரைய ஆரம்பித்த பிறகுதான் ஏரி எனக்குப் பழக்கமானது என்று சொல்ல வேண்டும். கூழைக்கடாக்கள் நேலபட்டு குளத்தில் தண்ணீருக்குள் நிற்கிற மரங்களில் கூடு கட்டுகின்றன, ஆனால் குஞ்சுக்கு மீன் எடுக்க இங்கே வருகின்றன என்பது முன்பே தெரியும். எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து வரிசையாக வரும் என்று பின்பக்கக் குறிப்பைப் பார்த்தால் இப்போது சொல்லிவிடலாம். பூநாரையையும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். அதன் சிவப்பு பிறவி நிறம் இல்லை, குஞ்சு சாம்பலாகத்தான் இருக்கும். தலையைக் கவிழ்த்துச் சேற்றுத் தண்ணீரை அரித்துத் தின்கிற பாசியிலும் சின்ன உயிர்களிலும் இருக்கிற நிறமிதான் இறகில் ஏறுகிறது. முன்பெல்லாம் அதற்கு அலிசரின் கிரிம்சன் பூசுவேன். வெளிச்சம் பட்டால் வெளுக்கிற நிறம் அது. சில வருடம் கழித்து ஒரு வீட்டில் ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்த என் படத்தைப் பார்த்தபோது பறவைகள் எல்லாம் சோகை பிடித்த மாதிரி நின்றன. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இப்போது குவினாக்ரிடோன் ரோஸ் வாங்குகிறேன், விலை கூடத்தான், ஆனால் நிற்கும்.

இன்னொரு விஷயம், வெளியில் போய் வரைகிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பிரஷ் கழுவிய தண்ணீரை ஏரியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். காட்மியம் மஞ்சளிலும் கோபால்ட் நீலத்திலும் இருப்பது உலோகம். நான் ஒரு பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஆவியாக விட்டு, அடியில் தங்குகிற வண்டலைத் தனியாகச் சேர்த்து வைக்கிறேன். அப்புறம், பறவை பறக்கிற மாதிரி படம் வேண்டுமென்று கூட்டத்தை நோக்கி ஓடுகிறவர்களையும் கைதட்டிக் கிளப்புகிறவர்களையும் அந்தச் சாலையில் நிறையப் பார்க்கிறேன், சூலூர்பேட்டையில் ஃபிளமிங்கோ பண்டிகை நடக்கிற நாட்களில் இன்னும் அதிகம். ராஜஹம்சலு, ராஜஹம்சலு என்று பிள்ளைகள் தெலுங்கில் கத்துவதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஆனால் மேய வந்த பறவை ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் அது தின்ற தீனிதான் செலவாகிறது. இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருங்கள், அதுவாகவே பக்கத்தில் வரும்.

கம்பமும் கவரும் இருக்கிற படத்தை வாங்க ஆள் குறைவு. ஒரு நிறுவனம் முன்பணம் கொடுத்துவிட்டு, கரையில் இருக்கிற குப்பையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டது. முடியாது என்றேன். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க மனைவியின் சீட்டுப் பணத்தை எடுக்க வேண்டியதாயிற்று, அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அமெரிக்காவில் தாமஸ் மோரன் 1871இல் யெல்லோஸ்டோனுக்குப் போய் வரைந்த படங்கள், அடுத்த வருடமே அந்த இடம் தேசியப் பூங்காவாக உதவின என்று இந்தத் துறையில் எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது பிரமாண்டமான பள்ளத்தாக்கு, பார்த்தவுடன் வாய் பிளக்கும். சகதிக்கும் உப்புக்கும் அந்த வசதி இல்லை. அழகாகக் காட்டித்தான் ஒரு இடத்தைக் காப்பாற்ற முடியும் என்றால் பழவேற்காடு மாதிரி இடங்கள் என்ன செய்யும்? அதனால் நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று காட்டுகிற படங்கள் இந்த ஏரிக்கு வேண்டும், அதை யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

முகத்துவாரத்துப் படங்கள் பன்னிரண்டை, ஒரு வருடத்துக்கு உண்டானதை, வரிசையாக ஒட்டி அண்ணன் கேட்டார் என்று மீன் ஏலம் போடுகிற கொட்டகைக்குக் கொடுத்தேன். தூர்வாரச் சொல்லி மனு கொடுக்கப் போனபோது மீனவர்கள் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள், பின்பக்கக் குறிப்பை ஒருவர் வாசித்தாராம். இப்போது மறுபடியும் கொட்டகைச் சுவரில்தான் இருக்கிறது. போன மாதம் போனபோது பார்த்தேன், ஏழாவது படத்தில் மணல்திட்டு வளைகிற இடத்தில் யாரோ பென்சிலால் இன்னொரு கோடு போட்டிருந்தார்கள். நான் வரைந்ததைவிட நாலு விரல் தெற்கே. அண்ணனிடம் கேட்டேன்.

"அந்த மாசம் திட்டு அங்கதான் இருந்துச்சு தம்பி. நீ தோணியில இருந்து பாத்த, நாங்க வலையோட உள்ள நின்னோம்."

வீட்டுக்கு வந்து அந்த மாதத்துக் குறிப்பை எடுத்து, அவர் சொன்னதையும் அடியில் எழுதி வைத்தேன்.