நாலரை மணி

மார்ச் 3, செவ்வாய்

அக்கா இன்று கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். தேடிக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. கையில் என் குடை. ஒரு காலில் அவளுடைய செருப்பு, மறு காலில் என் மனைவியின் செருப்பு. எங்கே கிளம்பினாய் என்று கேட்டேன். “மணி அடித்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு காத்திருக்கும்” என்றாள். கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றுப் பதினாறு வருடம் ஆகிறது. அப்போது நேரம் மாலை நாலரை, பிள்ளைகள் பள்ளி முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பொழுது சாயும்போது குழப்பம் கூடுவது அல்சைமர் என்ற இந்த மறதி நோயில் சகஜம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் அது நாலரைக்குத் தொடங்கி ஏழு வரை நீடிக்கும்.

இரவு மனைவி மெதுவாகத்தான் சொன்னாள்: “இனி என்னால் முடியாது. குளிப்பாட்டுவதும் நான், ராத்திரி மூன்று முறை எழுந்திருப்பதும் நான். நீங்கள் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறீர்கள்.” மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. எனக்கு அறுபத்தாறு, அவளுக்கு அறுபத்து மூன்று, அக்காவுக்கு எழுபத்து நான்கு. மூன்று கிழங்கள் ஒரு வீட்டில்.

அக்காவைப் பார்த்துக்கொள்ள ஓர் இல்லம் தேடுவது என்று முடிவாயிற்று.

மார்ச் 5, வியாழன்

தூக்கம் வரவில்லை. யார் பெயரால் இந்த நோயை அழைக்கிறோமோ அந்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1901 நவம்பரில் பிராங்பர்ட் மனநல மருத்துவமனையில் அவர் ஒரு பெண்ணைப் பார்க்கிறார். பெயர் அகஸ்டே டெட்டர், வயது 51. உன் பெயர் என்ன என்கிறார். அகஸ்டே என்கிறாள். கணவன் பெயர் என்ன என்கிறார். அதற்கும் அகஸ்டே என்கிறாள். 1906இல் அவள் இறந்த பிறகு அவள் மூளையைச் சோதித்து, அதே ஆண்டு மருத்துவர்கள் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினார்.

எனக்கு அந்த மருத்துவரைவிட, அவளைக் கொண்டுவந்து விட்ட கணவன்தான் கண்ணில் நின்றான். ரயில்வே குமாஸ்தாவாம். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல்தான் கொண்டுவந்திருக்கிறான். அன்று அவன் வீட்டுக்குத் திரும்பிப் போய் என்ன செய்தான் என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை.

மார்ச் 7, சனி

முதல் இல்லம். முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போனோம். அது என் தவறு. முப்பது வருடம் தணிக்கைத் துறையில் இருந்தவன் நான். சொல்லிவிட்டுப் போனால் எந்த அலுவலகத்திலும் கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

பளபளவென்று தரை, முகம் தெரிந்தது. மனைவிக்குப் பிடித்துவிட்டது. எனக்கு வீட்டு வாசலில் கிடக்கும் கறுப்பு மிதியடி ஞாபகம் வந்தது. அக்கா அதைப் பள்ளம் என்று நினைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு தாண்டுவாள். கண்ணில் கோளாறு இல்லை, பார்த்ததைப் புரிந்துகொள்ளும் இடத்தில் கோளாறு. அவளுக்கு இந்தத் தரை தண்ணீராகத் தெரியும். கழிப்பறையில் சுவர், தரை, இருக்கை எல்லாமே வெள்ளை. இருக்கை எது என்று அவளால் பிரித்துப் பார்க்கவே முடியாது. சாப்பாட்டுத் தட்டும் வெள்ளை. பாஸ்டனில் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நோய் முற்றியவர்களுக்கு வெள்ளைத் தட்டுக்குப் பதில் பளிச்சென்ற சிவப்புத் தட்டில் வைத்தபோது ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்களாம். சிறிய ஆய்வுதான். ஆனால் தட்டை மாற்ற என்ன செலவாகிவிடும்?

மேலாளரிடம் ஒரு கேள்வி கேட்டேன். “மாலை நாலரைக்கு என் அக்கா பள்ளிக்குக் கிளம்புவாள். நீங்கள் என்ன செய்வீர்கள்?”

“ஓய்வுபெற்றுவிட்டீர்கள் அம்மா என்று அன்பாக எடுத்துச் சொல்லிப் புரியவைப்போம்” என்றார்.

போன ஜனவரியில் நானும் அப்படித்தான் அன்பாக எடுத்துச் சொன்னேன், அம்மா இறந்து இருபது வருடம் ஆயிற்று என்று. அக்காவுக்கு அது அன்றுதான் காதில் விழுந்த சாவு. அழுது ஓய்ந்து, அரை மணியில் மறந்து, மறுபடி அம்மா எங்கே என்றாள். ஒரே நாளில் அவளை மூன்று முறை அழவைத்தேன்.

ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: இரவில் நடமாடுபவர்களையும் கை ஓங்குபவர்களையும் ஏழு நாள் அவகாசத்தில் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும். நோயின் இலக்கணமே அதுதானே.

மார்ச் 11, புதன்

இரண்டாவது இல்லம். சொல்லாமல், காலை பதினோரு மணிக்குப் போனேன். கூடத்தில் பதினான்கு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சி மட்டும் விழித்திருந்தது. அமைதியான இடம் என்று யாராவது பாராட்டக்கூடும்.

நாலரை மணிக் கேள்விக்கு, “அதற்கெல்லாம் மாத்திரை இருக்கிறது சார், கவலையே படாதீர்கள்” என்று பதில் வந்தது. என்ன மாத்திரை என்றேன், பெயர் சொன்னார்கள். வழியிலேயே மருத்துவருக்குப் போன் செய்தேன். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் வகை மருந்து அது. டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்த முதியவர்களுக்குக் கொடுத்தால் இறக்கும் வாய்ப்பு 1.6 முதல் 1.7 மடங்கு வரை ஆகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்திருக்கிறதாம். வேறு எதற்கும் அடங்காத நிலையில், குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்குக் கொடுப்பதுண்டு என்றார். லூயி பாடி என்ற வகை டிமென்ஷியா என்றால் அதிலும் பெரிய ஆபத்து.

அவர் சொன்னதும் அந்தப் பன்னிரண்டு பேரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 12, வியாழன்

மூன்றாவது இல்லம். முன்பணம் பற்றி இருபது நிமிடம் பேசினார்கள். அக்காவின் பெயரை ஒருவரும் கேட்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

நான்கு நாளாக எழுதவில்லை. ஞாயிறு இரவிலிருந்து அக்கா வேறு ஆளாகிவிட்டாள். சுவரில் எறும்பு ஊர்கிறது என்று இல்லாத எறும்பைத் தட்டிவிடுகிறாள். மனைவியை அடித்தாள். என்னைத் திருடன் என்றாள். இரண்டு நாளில் ஒரு வருடத்து நோய் வந்ததுபோல் இருக்கிறது. பயத்தில், அந்தத் தூங்கும் இல்லத்துக்கே போன் செய்து இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். இருக்கிறதாம், நாளையே வரலாமாம்.

மார்ச் 18, புதன்

மகள்தான் தடுத்தாள். “டிமென்ஷியா படிப்படியாகத்தான் முற்றும் அப்பா. ஒரே ராத்திரியில் இப்படி ஆனால் வேறு ஏதோ இருக்கிறது. அத்தையை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.”

காட்டினோம். சிறுநீர்த் தொற்று. வயதானவர்களுக்குக் காய்ச்சல், எரிச்சல் எதுவும் இல்லாமல் குழப்பமாக மட்டுமே வெளிப்படுவதுண்டாம். இளைஞர்களுக்கு வயிறு சொல்லும், கிழவர்களுக்கு மூளை சொல்லும் என்றார் மருத்துவர். மலச்சிக்கல், உடம்பில் நீர் குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இவையும் இதே வேலையைச் செய்யுமாம். நேற்றே சேர்த்திருந்தால் அவர்கள் மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்திருப்பார்கள், தொற்று உள்ளேயே இருந்திருக்கும்.

என் கேள்விப் பட்டியலில் ஒன்று சேர்ந்தது: ஒருவர் திடீரென்று மாறினால் முதலில் என்ன பார்ப்பீர்கள்?

மார்ச் 28, சனி

எறும்புகள் போய்விட்டன. பழைய அக்கா, அதாவது பழைய நோயாளி, திரும்பிவிட்டாள். இவ்வளவு சந்தோஷப்படுவோம் என்று போன மாதம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மகளோடு சாயங்காலம் ஒரு விவாதம். நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரில் ஹோகவேய்க் என்று ஒரு கிராமம், 2009இல் திறந்தது. அங்கே குடியிருக்கும் நூற்றைம்பது பேருக்கு மேல் அனைவருக்கும் டிமென்ஷியா. தெரு, கடை, தோட்டம் எல்லாம் உண்டு, இஷ்டம்போல் நடக்கலாம், கடைக்காரர்கூடப் பராமரிப்புப் பணியாளர்தான். ஜெர்மனியில் டுசெல்டோர்ஃபில் ஒரு முதியோர் இல்லத்தின் வாசலில் பஸ் வராத பஸ் நிறுத்தம் வைத்தார்கள். வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் அங்கே வந்து உட்காருவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பணியாளர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து உள்ளே அழைத்துப் போவார்.

“அது ஏமாற்று வேலை இல்லையா?” என்றாள் மகள்.

முன்பு கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். வாழ்நாளெல்லாம் பொய்க் கணக்கைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன். ஆனால் அந்த நிறுத்தத்தில் எனக்குப் பஸ் பெரிதாகப் படவில்லை, பக்கத்தில் வந்து உட்காரும் ஆள்தான் படுகிறார். ஆள் வராவிட்டால் அது வெறும் ஏமாற்று.

ஏப்ரல் 2, வியாழன்

நான்காவது இல்லம். சொல்லாமல், சரியாக நாலரைக்குப் போனோம். நுழைந்ததும் லேசாக மூத்திர வாடை. மனைவி மூக்கைப் பொத்தினாள். சுவரில் வண்ணம் உரிந்திருந்தது. மேலாளர் இல்லை.

ஒரு பாட்டி வாசல் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெண் உதவியாளர் அவரோடு சேர்ந்து நின்று தானும் வெளியே எட்டிப் பார்த்தார். “யாரைப் பார்க்கிறோம்?” என்று கேட்டார். பாட்டி ஏதோ சொன்னார். இருவரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு பாட்டி தானாகவே திரும்பி, உதவியாளரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அவரிடமே என் கேள்வியைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, என்னைக் கேட்டார்: “என்ன பாடம் எடுப்பார்கள்?”

கணக்கு என்றேன்.

“அப்படியென்றால் சாக்பீஸ் கேட்பார்கள். இங்கே ஒரு கரும்பலகை இருக்கிறது. ஆனால் ஒரு தாத்தா தினமும் அதில் தேதி எழுதுவார், வேறு யாரையும் தொட விடமாட்டார். இரண்டு பேருக்கும் சண்டை வரும். இன்னொரு பலகை வாங்கச் சொல்ல வேண்டும்.”

மனைவி மூக்கிலிருந்து கையை எடுத்திருந்தாள். வெளியே வரும்போது வாடையும் இல்லை. யாரோ ஒருவர் உடையிலேயே போய்விட்டார், மாற்றித் துடைத்தாயிற்று, அவ்வளவுதான். முதல் இல்லத்தில் எந்நேரமும் மணத்த வாசனைத் திரவியம்தான் இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஏப்ரல் 4, சனி

மயங்கிவிடக் கூடாது என்று இரவு பத்து மணிக்கு மறுபடி போனேன். உள்ளே விட்டார்கள், அதுவே ஒரு மதிப்பெண். இருபத்திரண்டு பேருக்கு இரவில் இரண்டு உதவியாளர்கள். செவிலியர் பகலில் மட்டும். எனக்கு இது பிடிக்கவில்லை, மேலாளரிடம் சொன்னேன். “எங்களுக்கும் பிடிக்கவில்லை” என்றார். மருத்துவரை எந்நேரமும் போனில் கூப்பிடலாமாம்.

எவ்வளவு காலமாக வேலை பார்க்கிறார்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். ஏழு வருடம், நான்கு வருடம், ஒருவர் மட்டும் மூன்று வாரம். முதல் இல்லத்தில் மூத்தவருக்கே எட்டு மாதம்தான்.

திடீர் மாற்றம் பற்றிய கேள்விக்கு, “சிறுநீர் பரிசோதனை, பிறகு மலம் கழித்தாரா, தண்ணீர் குடித்தாரா, மாத்திரை மாறியதா” என்று விரல் விட்டு எண்ணினார். எந்த நிலையில் திருப்பி அனுப்புவீர்கள் என்றேன். விழுங்க முடியாமல் குழாய் வழியே உணவு கொடுக்கும் நிலை வந்தால் எங்களுக்கு வசதி இல்லை என்று நேராகவே சொன்னார். அன்று இன்னொரு தேடல் இருக்கிறது. சரி.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள், எட்டுப் பக்கம். நோய் பற்றி ஒரு பக்கம், மீதி ஏழும் ஆளைப் பற்றி. எப்படி அழைத்தால் பிடிக்கும்? எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்? எதற்குப் பயப்படுவார்? கோபம் வந்தால் எது தணிக்கும்?

அறுபத்தாறு வருடம் தம்பியாக இருந்திருக்கிறேன், பாதிக்கு மேல் தெரியவில்லை. மனைவியைக் கேட்டு நிரப்பினேன். அக்கா இடியோசைக்குப் பயப்படுவாள் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். சின்ன வயதில் இடி இடித்தால் என் காதைப் பொத்துவாள், எனக்காக என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

எப்படி அழைப்பது என்ற இடத்தில் மட்டும் யோசிக்காமல் எழுதினேன்: டீச்சர்.

ஏப்ரல் 10, வெள்ளி

விட்டுவிட்டு வந்தோம். இரண்டு வாரம் பார்ப்பது, பிறகு முடிவு செய்வது என்று ஏற்பாடு. அவள் போர்வை, சுவர்க் கடிகாரம், பழைய வகுப்புப் புகைப்படம் எல்லாம் முந்தின நாளே அறைக்குப் போய்விட்டன.

என்ன சொல்லி அழைத்துப் போவது என்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தேன். காரில் ஏறியதும் அவளே, “புதுப் பள்ளியா?” என்றாள். ஆமாம் என்றேன்.

திரும்பி வரும்போது மனைவி அழுதாள். இரவு அவள் எழுந்திருக்கவில்லை. பழக்கத்தில் நான் மூன்று முறை எழுந்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

உறவினர் ஒருவர் போனில், “அக்காவை ஹோமில் தள்ளிவிட்டாயாமே” என்றார். இந்த நான்கு வருடத்தில் ஒரு மாலைகூட வந்து உட்காராதவர். வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 18, சனி

அந்த உதவியாளர் போன் செய்தார். போனில் அவர் குரல் கேட்டதும் விழுந்துவிட்டாளோ என்று வயிறு கலங்கியது. அதெல்லாம் இல்லை.

“படிவத்தில் ஒன்று திருத்த வேண்டும் சார். டீச்சர் என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் அப்படிக் கூப்பிட்டால் திரும்பியே பார்ப்பதில்லை. காலையில் அக்கா என்றால்தான் வருகிறார்கள். நாலரைக்குப் பிறகுதான் டீச்சர்.”

காலையில் யாராக இருக்கிறாள் என்று கேட்டேன்.

“யாரையோ பள்ளிக்குக் கிளப்புகிறார்கள். சட்டைப் பொத்தானைப் போடு, தலையைக் காட்டு என்று. சின்னப் பையன் போலிருக்கிறது.”

திருத்திக்கொள்ளுங்கள் என்றேன்.